5 கிலோவாட் யாருக்கு லாபம்?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடுகிறது. "பிரதமர் திட்டத்தில் கரன்ட் இலவசம், 5 கிலோவாட் சோலார் போடுங்கள், மானியத்தை நாங்களே கழித்துக்கொள்கிறோம்" என்று ஒரு ஏஜென்ட் 50,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? மீட்டர் இன்னும் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது.

பதில்: கொடுக்காதீர்கள். ஏஜென்ட் சொல்லும், 2024இல் தொடங்கிய பிரதமரின் 'சூர்ய கர்' திட்டத்தின் பெயரில் 'இலவசம்' இருக்கிறது, பேனல் இலவசம் இல்லை. மானியம்தான் உண்டு: முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. மொத்தம் 78,000, அவ்வளவுதான். 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே தொகை. கூடுதல் 2 கிலோவாட்டின் முழு விலையும் உங்கள் தலையில்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. உங்களுக்குத் தேவையே அதுதான். 100 யூனிட் ஏற்கெனவே இலவசம் வேறு. மாடியில் நிழல் விழாத 200 சதுர அடி போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலையில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் ஏறிப் பாருங்கள்.

சொந்தச் செலவில் போட்டால், வேலை முடிந்து சோலாருக்கான மீட்டர் மாட்டிய பிறகு மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். "நாங்கள் கழித்துக்கொள்கிறோம்" என்றாலே உஷார். விலை மலிவு என்று இறக்குமதி பேனலைக் கட்டிவிடுவார்கள், அதற்கு மானியமே கிடையாது. பேனல் மட்டுமல்ல, உள்ளே வெயிலைக் கரன்டாக மாற்றும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். பில்லில் அதை எழுதி வாங்குங்கள்.

அப்பா பெயர் விஷயம்தான் சிக்கல். மானியம் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. இறந்தவர் பெயரில் விண்ணப்பித்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முதலில் வாரிசுச் சான்று, பிறகு பெயர் மாற்றம், அதன்பிறகே சோலார். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களிடம் சம்மதக் கடிதமும் வாங்கி வையுங்கள். ஒரு கோடி வீட்டுக்கு சோலார் என்று டெல்லியில் இலக்கு வைக்கிறார்கள், இங்கே ஒரு பெயரை மாற்றவே நாலு நடை நடக்க வேண்டியிருக்கிறது!

இன்னொன்று. கரன்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க சோலார் இன்வெர்ட்டரே அணைந்துகொள்ளும். பழைய பேட்டரி இன்வெர்ட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.