பியானோ போட்டிக்கு இரண்டு சின்ன பீஸ்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மகளுக்கு 4 நிமிட வரம்பு, குணத்தில் மாறுபட்ட இரண்டு பீஸ், எவற்றை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சின்ன பீஸ் என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். 10 நிமிட சொனாட்டாவில் முதல் பக்கம் தடுமாறினாலும் பிறகு மீண்டுவிடலாம். ஒரு நிமிட பீஸில் அதற்கு இடமே கிடையாது. அதனால் இன்று சிரமப்பட்டு எட்டிப் பிடிக்கும் பீஸ் வேண்டாம். மேடையில் வாசிக்கப்போகும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வீட்டில் வாசித்தாலும் கை கலங்காத பீஸாக இருக்கட்டும். பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் ஏறும்.

முதலில் நேரக் கணக்கு. பார்களின் (தாளக் கட்டங்களின்) எண்ணிக்கையை ஒரு பாரில் உள்ள பீட்டுகளால் பெருக்கி, மெட்ரோநோம் எண்ணால் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வகுத்தால் நிமிடம் வரும். பாக்கின் 8ஆவது இரண்டு குரல் இன்வென்ஷன் (எஃப் மேஜர்) 34 பார், 3/4 தாளம். மொத்தம் 102 பீட், மெட்ரோநோம் 100இல் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஷோபானின் ஓபஸ் (படைப்பு எண்) 28, 4ஆவது பிரிலூட் (இ மைனர்) 25 பார். பாருக்கு நான்கு பீட் வைத்து 60இல் வாசித்தால் 1 நிமிடம் 40 விநாடி. இழுக்கும் இடங்களைச் சேர்த்தால் 2 நிமிடத்தைத் தொடும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3 நிமிடம். நடுவில் மூச்சுவிடும் நேரம் போனாலும் வரம்புக்குள் நிற்கும். ரிபீட் (திரும்ப வாசிக்கக் குறித்த பகுதி) வாசிக்கலாமா என்பதை விதிகளில் பார்த்துவிட்டு எண்ணுங்கள்.

ஓரளவு பழகிய கைக்கு இந்த ஜோடியையே நான் சொல்வேன். இன்வென்ஷன் வெளிச்சம், பிரிலூட் இருட்டு. முதலாவதில் ஒலியை நீட்டும் பெடலே தேவையில்லை, இரண்டாவது பெடலால்தான் நிற்கிறது. 'வேகம் ஒன்று, மெதுவானது ஒன்று' என்பதோடு நிறுத்தாமல் இப்படித் தொடுகையிலும் மாறுபாடு இருந்தால் நடுவர் இரண்டு திறமைகளைக் கேட்பார்.

இன்வென்ஷனில் பொறி முதல் பாரிலேயே இருக்கிறது. வலது கை எட்டாம் ஸ்வரங்களில் (ஒவ்வொன்றும் அரை பீட்) தாவித் தொடங்குவது சுலபமாக இருப்பதால் வேகமாக ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த பாரிலேயே அதே கை பதினாறாம் ஸ்வரங்களில் (ஒவ்வொன்றும் கால் பீட்) இறங்கி வரும். இடது கை அப்போதுதான் அதே ராகத்தோடு உள்ளே நுழையும். வேகம் தாங்காமல் அங்கே உடையும். தொடங்குவதற்கு முன் இரண்டாவது பாரை மனதுக்குள் பாடி, அந்த வேகத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

பிரிலூடில் இடது கைதான் பரீட்சை. சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களான கார்டில் பெரும்பாலும் ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் பக்கத்துக் கீக்கு இறங்கும், மற்றவை அப்படியே நிற்கும். மூன்று விரலும் ஒரே எடையில் இறங்காவிட்டால் அந்த நகர்வு காதில் விழாது. மெதுவாக அமுக்கும்போது அறிமுகமில்லாத பியானோவில் ஒரு ஸ்வரம் பேசாமலே போய்விடும். அதனால் இதை இரண்டாவதாக வைப்பதே நல்லது. இன்வென்ஷன் முடிவதற்குள் கை அந்தக் கீபோர்டின் எடையைப் படித்திருக்கும். ஆரவாரமாக முடிக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அமைதியான முடிவைக் கட்டுப்பாட்டோடு வாசித்தால் அதுவும் நன்றாகவே எடுபடும்.

இந்த ஜோடி கனமாகத் தெரிந்தால் பர்க்முல்லரின் ஓபஸ் 100, கபலெவ்ஸ்கியின் ஓபஸ் 27, ஷூமானின் ஓபஸ் 68 ஆகிய தொகுப்புகளுக்குள் தேடுங்கள். பர்க்முல்லரின் 'அரபெஸ்க்' (ஏ மைனர்) எடுத்தால் வலது கையை வைத்து முடிவுசெய்யாதீர்கள். 11ஆவது பாரில் அதே ஓட்டம் இடது கைக்குப் போகும். அங்கே தெளிவாக வரும் வேகம்தான் பீஸின் வேகம். அதோடு மேஜரில் ஒன்றைச் சேருங்கள், இரண்டும் மைனராக வேண்டாம்.

போட்டியில் அப்ரைட்டா (நிமிர்ந்து நிற்கும் பியானோ) கிராண்டா (படுக்கை வாக்கில் நீண்ட பியானோ) என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரே ஸ்வரத்தை விரைந்து திரும்பத் தட்டும் பீஸ் கிராண்டில் எளிது. அப்ரைட்டில் கீ ஏறக்குறைய முழுவதும் மேலே வந்தால்தான் அடுத்த தட்டு பேசும். வீட்டில் இருப்பது எதுவோ, அதில் மட்டும் பழகிய வேகத்தை நம்பக் கூடாது.

பீஸை உறுதிசெய்ததும், பார் எண் போட்ட ஒரு பிரதியை நடுவருக்கென எடுத்து வையுங்கள். ஃபோட்டோகாப்பியை ஏற்காத போட்டிகளும் உண்டு. மனப்பாடம் கட்டாயமானால் 8 பாருக்கு ஒன்றாக நுழைவு இடங்களைக் குறித்து, எதைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்கப் பழக்குங்கள்.