ரஜப் 1304 என்பது 1925 அல்ல

'ரஜப் 1304' என்று தேதியிட்ட உங்கள் கஜார் கால (கஜார் என்பது ஈரானை ஆண்ட வம்சம்) அந்தப்புரக் கடிதம் எழுதப்பட்டது 1887 மார்ச், ஏப்ரல் வாக்கில். 1304-உடன் 621-ஐக் கூட்டி 1925 என்று எடுத்துவிட்டீர்கள். அந்தக் கணக்கு ஈரானின் சூரிய ஹிஜ்ரி நாட்காட்டிக்குத்தான். ரஜப் இஸ்லாமியச் சந்திர ஹிஜ்ரி நாட்காட்டியின் மாதம். சூரிய மாதமென்றால் ஃபர்வர்தீன் போன்ற பெயர் இருந்திருக்கும்.

குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. ஈரான் சூரிய நாட்காட்டியைச் சட்டமாக்கியது 1925-இல். சூரிய ஹிஜ்ரியில் அந்த ஆண்டின் எண்ணும் 1304 என்பது வேடிக்கைதான்.

அக்காலத்தில் ஈரானில் ஆண்டுகளுக்கு விலங்குப் பெயர்களும் வழங்கின. சரிபார்க்க, தேதியின் அருகே அப்படி ஒரு பெயர் இருக்கிறதா பாருங்கள். 1887 நவ்ரூஸில் (மார்ச்சில் வரும் ஈரானியப் புத்தாண்டு) தொடங்கியது பன்றி ஆண்டு, 1925-இல் எருது ஆண்டு. மேலும், ஷா நலமாக இருப்பதாக அந்தப் பெண்மணி எழுதுகிறார் என்றீர்கள். அவர் குறிப்பிடுவது 1887-இல் ஆண்ட நாசிருத்தீன் ஷாவை என்றால், அந்த ஷா 1896-இலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரு எச்சரிக்கை: கடிதத்தில் வரும் '…அல்-தௌலா', '…அல்-சல்தனே' போன்றவை பட்டங்கள், பெயர்கள் அல்ல. ஒருவர் இறந்தால் அதே பட்டம் வேறொருவருக்குப் போகலாம். எழுதியவர் யார் என்பதற்குக் கையெழுத்தின் சாயலையும் நம்ப வேண்டாம். பல சீமாட்டிகள் எழுத்தரிடம் சொல்லி எழுதவைத்தார்கள். முத்திரை இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். ஆனால் அதிலுள்ள ஆண்டு முத்திரை செதுக்கப்பட்ட ஆண்டு, கடிதத்தினுடையது அல்ல.