துபாய் டின்கள், கர்ப்பிணி மனைவி: மயிலாடுதுறை தம்பிக்கு

அண்ணன் அனுப்பிய டின் மீன், தக்காளி விழுது, கொண்டைக்கடலையை நாலு மாதக் கர்ப்பிணி மனைவிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டதற்காகப் பயப்படாதீர்கள் தம்பி, ஆனால் இனி வேண்டாம். பல டின்களின் உள்பூச்சில் பிஸ்பெனால் ஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது. உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடியது. தொழிற்சாலையில் டின்னை மூடிக் கொதிக்கவைக்கும்போதே பெரும்பாலும் உணவில் இறங்கிவிடும். அதனால் வாங்கியபின் வேறு பாத்திரத்துக்கு மாற்றினாலும் போகாது. ஐரோப்பிய ஒன்றியமே 2024 டிசம்பரில் இதை உணவு டின்களில் பயன்படுத்தத் தடை கொண்டுவந்தது (மாறிக்கொள்ள அவகாசம் உண்டு).

கடலையை ராத்திரி ஊறவைத்து, காலையில் குக்கரில் வையுங்கள். மீனுக்கு என்ன குறை? பூம்புகார், தரங்கம்பாடிக் கரை பக்கம்தானே! மத்தி வாங்குங்கள், கர்ப்பிணிக்கு நல்லது. அப்புறம், ஓட்டல் சாம்பாரைச் சுடச்சுட பிளாஸ்டிக் பையில் வாங்காமல் தூக்குவாளி கொண்டுபோங்கள்.