வெள்ளியங்கிரி ஏற ஆக்சிஜன் டப்பா வேண்டுமா?

கேள்வி: பல்லடத்தில் தறி ஓட்டுறேனுங்க டாக்டர். வயசு 47, ஆறு வருசமா சர்க்கரை. சித்ரா பௌர்ணமிக்கு வெள்ளியங்கிரி ஏறணும். கொஞ்ச நாளா மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. விரல்ல மாட்டுற மெஷின்ல 98 காட்டுது. வேன் ஏற்பாடு பண்றவர் ஆக்சிஜன் டப்பாவும் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டும் வாங்கித் தர்றேங்கறார். போதுங்களா?

பதில்: போதாது. டப்பாவுக்குக் காசு கொடுக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கிறோம். செங்குத்தாக ஏறும்போது அது 50 லிட்டரைத் தாண்டும். பத்து லிட்டர் டப்பா எத்தனை நொடிக்கு வரும்? வெள்ளியங்கிரியின் உச்சியான ஏழாவது மலை ஏறத்தாழ 6,000 அடி. அங்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான். அழுத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 8,000 அடிக்கு மேல்தான். ஏறும்போது தசை உழைத்து ரத்தத்தில் கரியமில வாயுவும் அமிலமும் சேர்கின்றன. அதை வெளியேற்றவே மூளை மூச்சை வேகப்படுத்துகிறது. பழக்கம் இருந்தால் இந்த இளைப்பு குறையும். அதற்குச் சில வாரங்கள் சென்னிமலையின் 1,320 படிகளை நிதானமாக ஏறிப் பழகுவதே வழி.

ஆனால் நீங்கள் இப்போதே படி ஏறிப் பழக வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போய், இதய ரத்தக்குழாய் அடைத்தாலும் நெஞ்சு வலிக்காமல் இருக்கலாம். புதிதாக வரும் இளைப்பே ஒரே அறிகுறியாக இருக்கலாம். 98 என்பது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருப்பதைச் சொல்லுமே தவிர, இதயத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். உழைக்கும்போதுதான் குறை தெரியும். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். எக்கோவும் (இதய ஸ்கேன்), அவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் செய்யுங்கள். கூடவே ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அந்த வேன்காரர் தரும் சான்றிதழ் வெறும் காகிதம். சட்டைப் பொத்தானைக் கூடக் கழற்றச் சொல்லாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். மலையில் யாராவது இறந்தால் உடனே 'இதய நோயாளிகள் ஏற வேண்டாம்' என்று அறிவிப்பு வருகிறது. தனக்கு இதய நோய் இருப்பதே தெரியாதவர் அதைப் படித்து என்ன செய்வார்? அடிவாரத்தில் ஒழுங்கான பரிசோதனை வைக்க ஏன் மனம் வருவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

மருத்துவர் அனுமதித்தால், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் மட்டும் ஏறுங்கள். இளைத்தால் மூங்கில் தடியில் சாய்ந்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுங்கள். நெஞ்சு அழுத்தமோ, தாடை வலியோ, குளிர்ந்த வியர்வையோ வந்தால் ஒரு அடிகூட வைக்காமல் அங்கேயே உட்காருங்கள். உடன் வருபவர்கள் வனத்துறை ஆட்களுக்குச் சொல்லி டோலி வரவழைக்கட்டும்.