தைராய்டு இருப்பவர்கள் கடல்பாசி சாப்பிடலாமா? அதில் என்ன சத்து இருக்கிறது?

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ தைராய்டு மாத்திரை எடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் லாத்தா, அதாவது அக்கா, பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம்.

நாங்கள் சென்னை மண்ணடி. உம்மா பிறந்தது கீழக்கரை. நோன்பு வந்தால் எங்கள் வீட்டில் கடல்பாசி இல்லாத நாள் கிடையாது. காய்ந்த நூல்கற்றை மாதிரி வெள்ளையாக இருக்கும். ஊறவைத்து, கொதிக்கவிட்டு, ஓர் இழைகூட மிதக்காமல் கரைந்த பிறகுதான் உம்மா பாலும் சர்க்கரையும் சேர்ப்பார். அஸருக்கு (பிற்பகல் தொழுகை நேரம்) எவர்சில்வர் தட்டில் ஊற்றி வைத்தால், ஃபிரிட்ஜ் இல்லாமலே மஃரிபுக்குள் (நோன்பு திறக்கும் அந்தி நேரம்) உறைந்துவிடும். கத்தியால் கோடு போட்டு எடுத்தால் துண்டு ஒவ்வொன்றும் கையில் ஆடும்.

இது கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றைக் காய்ச்சி எடுக்கிற அகர். மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கிப் பறிக்கிற பாசி. அகரில் பெரும்பாலும் நார்ச்சத்துதான். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மலச்சிக்கலுக்கு நல்லது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். பாலும் சர்க்கரையும் நாம் சேர்ப்பது, அதைப் பாசியின் கணக்கில் எழுதக்கூடாது.

லாத்தா ஆன்லைனில் வாங்கியது வேறு, கெல்ப் மாத்திரை. டப்பாவில் 'கடல்பாசி' என்று போட்டிருந்ததால் சின்ன வயதிலிருந்து சாப்பிடுவதுதானே என்று எங்களில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கெல்ப் பழுப்புப் பாசி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கொம்பு என்கிற கெல்ப் வகையில் ஒரே கிராமில் 1,500-க்கு மேலேகூட இருக்கும். சுஷி சுற்றுகிற நோரியில் அதைவிட மிகவும் குறைவு. லாத்தாவுக்கு இருந்தது ஹஷிமோட்டோ, உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிற நோய். அந்த உடம்புக்கு அயோடின் அளவுக்கு மீறினால் சுரப்பி இன்னும் மந்தமாகிவிடும்.

சுரப்பி மந்தமானால் ரத்தத்தில் ஏறுகிற டிஎஸ்ஹெச் அளவு இரண்டே மாதத்தில் 5-லிருந்து 23. முகம் ஊதி, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி, இரண்டு மாடி ஏறுவதற்குள் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். டாக்டர் "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டதும், கைப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் லேபிளைப் படித்துவிட்டு, இன்றோடு நிறுத்துங்கள் என்றார். மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் 4.

ஜப்பான்காரர்கள் தினமும் சாப்பிடவில்லையா என்று சிலர் கேட்பார்கள். அங்கேயே ஹொக்கைடோ கடற்கரையில் கொம்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கழுத்துக் கழலை வந்தது 1960-களிலேயே பதிவாகியிருக்கிறது. நான் டாக்டர் இல்லை, கடல்பாசிக்கு எதிரியும் இல்லை. அயோடின் குறைவால் கழலை வருவதும் உண்மைதான். ஆனால் அதற்குத்தான் அயோடின் உப்பு இருக்கிறது. கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி.

இன்னொன்று. இயற்கையானது என்று வடசென்னையில் எண்ணூர்ப் பக்கம் பாறையில் பாசி வழித்து வந்து காயவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பாசி தண்ணீரில் உள்ள ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படிந்ததே, படகிலும் வலையிலும் கருப்பு அப்பியிருந்ததே, அதையெல்லாம் எத்தனை பேர் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அனல்மின் நிலையச் சாம்பல் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம். மெரினாவில் ஒரு குப்பை ஒதுங்கினால் படம் போடுகிறார்கள், எங்கள் பக்கம் ஆறே கருத்துப்போனாலும் நாலு நாள் செய்திதான். கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அகர் என்றால் கெல்ப் அளவுக்கு அயோடின் இருக்காது, அளவாகக் காய்ச்சிச் சாப்பிடுங்கள். கெல்ப் மாத்திரை, பொடி என்றால் டப்பாவை டாக்டரிடம் காட்டாமல் திறக்காதீர்கள். ஏற்கெனவே எடுக்கிறீர்கள் என்றால் இந்த வாரமே டிஎஸ்ஹெச் பாருங்கள்.