ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோதானே? எண்ணெய் பாக்கெட்டில் மட்டும் ஏன் 910 கிராம் என்று போட்டிருக்கிறது?

லிட்டரும் கிலோவும் ஒன்றாக வருவது தண்ணீருக்கு மட்டும்தான், அதுவும் ஏறக்குறைய. பாக்கெட்டில் 90 கிராமை யாரும் அடித்துக்கொள்ளவில்லை. எண்ணெயின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, அவ்வளவுதான். தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதப்பதும் அதனால்தான்.

லிட்டர் என்பது இடத்தின் அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 செ.மீ. உள்ள பெட்டியில் அடங்குவது 1 லிட்டர். ஆகவே 1 மி.லி. என்பது 1 கன சென்டிமீட்டர். 1,000 லிட்டர் ஒரு கன மீட்டர். கிலோவோ அந்த இடத்துக்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைச் சொல்கிறது, அதாவது நிறை. இரண்டுக்கும் பாலம் அடர்த்தி, அதாவது ஒரு மி.லி. எத்தனை கிராம் என்பது: மி.லி.யை அடர்த்தியால் பெருக்கினால் கிராம், கிராமை அடர்த்தியால் வகுத்தால் மி.லி.

தண்ணீருக்கு 1 என்று அழகாக வருவது தற்செயல் அல்ல. 1795-ல் பிரான்சில் மெட்ரிக் முறையை வகுத்தபோது ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறையைத்தான் கிராம் என்று வைத்தார்கள். கிலோவின் வரையறை பிறகு உலோகக் கட்டிக்கு மாறி, 2019 முதல் பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணில் நிற்கிறது. ஆனாலும் 4 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 999.97 கிராம், நம் ஊர் 30 டிகிரியில் 995.7 கிராம். வீட்டுக் கணக்குக்கு 1 என்றே வைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றுக்கு அப்படி வைக்க முடியாது. பால் 1.03, சமையல் எண்ணெய்கள் 0.91 - 0.92, பெட்ரோல் சுமார் 0.74, டீசல் சுமார் 0.83, தேன் 1.4.

எண்ணெயில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. சூடானால் எண்ணெய் விரியும். லிட்டர் அதேதான், உள்ளே இருக்கும் கிராம் குறையும். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சில நிறுவனங்கள் 60 டிகிரி என்று லேபிளில் அச்சிட்டு இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டன. அதனால்தான் 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் லிட்டரோடு எடையையும் போடும்படி சொன்னது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கிராம் எண்ணைத்தான்.

பெரிய டின் வாங்கும்போது இது இன்னும் முக்கியம். 15 கிலோ டின்னும் 15 லிட்டர் டின்னும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 15 லிட்டர் × 0.91 = 13.65 கிலோ. ஆக 1.35 கிலோ வித்தியாசம். பாக்கெட்டிலும் அப்படித்தான்: ஒரு லிட்டர் 180 ரூபாய், ஒரு கிலோ 195 ரூபாய் என்றால் லிட்டர்தான் மலிவு என்று தோன்றும். 180-ஐ 0.91-ஆல் வகுத்துப் பாருங்கள், கிலோ 197.80 விழுகிறது.

அடர்த்தியை வீட்டிலேயே அளக்கலாம். கழுத்து குறுகிய அரை லிட்டர் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கழுத்தில் ஒரு கோடு போட்டு அதுவரை தண்ணீர் ஊற்றி எடையைக் குறியுங்கள். பாட்டிலை நன்றாக உலர்த்தி, அதே கோடுவரை எண்ணெய் ஊற்றி எடை போடுங்கள். எண்ணெய் எடையைத் தண்ணீர் எடையால் வகுத்து 0.996-ஆல் பெருக்கினால் 30 டிகிரிக்கான அடர்த்தி. அகலமான டம்ளர் வேண்டாம்: 7 செ.மீ. வாயில் மட்டம் 1 மி.மீ. பிசகினால் கிட்டத்தட்ட 4 மி.லி. பிழை, 2.5 செ.மீ. கழுத்தில் அரை மி.லி.தான். தராசில் ‘எம்.எல்’ பொத்தான் இருந்தால் அதை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் எல்லாவற்றையும் தண்ணீராகவே நினைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் எண்ணெயை 910 மி.லி. என்று காட்டும்.

நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு கடையில் தேவைப்படாது. எடை என்பது நிறையைப் புவி இழுக்கும் விசை, நியூட்டனில் அளப்பது. மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீரின் நிறை 1,000 கிலோ, தளத்தை அது அழுத்தும் விசை 9,800 நியூட்டன். கட்டடப் பொறியாளர் 9.8 கிலோநியூட்டன் என்று எழுதுவது இதைத்தான், தொட்டியின் எடை தனி. எலக்ட்ரானிக் தராசு உணர்வதும் விசையைத்தான். முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துச் சரிசெய்திருப்பதால் கிலோவில் காட்டுகிறது.

திரவத்தைவிட மணல், மாவு, அரிசியில்தான் லிட்டர் கணக்கு மோசமாக ஏமாற்றும், இடையில் காற்று இருப்பதால். மாவை டப்பாவில் தட்டினாலே அமுங்கிவிடும். வீடு கட்டுகிறவர்களுக்கு இது பணம். 4 - 5% ஈரம் இருந்தால் மணல் 20 - 30% உப்பிவிடும், மணிகளைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை நெருங்கவிடாது. முழுக்க நனைத்தால் பழைய அளவுக்கே இறங்கும். லோடு வந்ததும் ஒரு டப்பாவில் ஈர மணலை அமுக்காமல் 20 செ.மீ. உயரம் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கிளறி, படியவிடுங்கள். மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் 4 ÷ 16, அதாவது 25%. அந்த மணலை 100 கன அடி யூனிட் கணக்கில் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது 80 கன அடி. டன் கணக்கில் வாங்கினால் போவது ஈரத்தின் எடை மட்டுமே.