தைரொயிட் குறைந்தால் ரி.எஸ்.எச். ஏன் கூடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த மூன்று கடிதங்களும் மூளையின் அடிப்புறத்திலுள்ள ஒரே இடத்தைப் பற்றியவையாக இருப்பதால், மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. சில மாதங்களாகச் சோர்வும் முடி உதிர்வும் இருந்தன. குருதிப் பரிசோதனையில் ரி.எஸ்.எச். 18 என வந்தது. தைரொயிட் குறைவாக வேலை செய்கிறது என்று வைத்தியர் கூறுகிறார். குறைவு என்றால் எண்ணும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? – வாசகி, உப்புவெளி

பதில்: ரி.எஸ்.எச். தைரொயிட் சுரக்கும் ஓமோன் அன்று. தைரொயிட்டை வேலை வாங்குவதற்காகக் கபச்சுரப்பி அனுப்பும் ஓமோன் அது. மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியிலுள்ள எலும்புக் குழியொன்றில் இருக்கும் கபச்சுரப்பியின் நிறை ஏறத்தாழ அரைக் கிராம்தான். அதற்கு நேர் மேலே, மெல்லிய காம்பொன்றினால் அதனோடு இணைந்து, ஹைப்போதலமஸ் என்ற பரிவகக்கீழ் இருக்கிறது. உடல் வெப்பம், பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் இப்பகுதி, தனது கட்டளை ஓமோன்களை அக்காம்பின் வழியே செல்லும் தனியான நுண்குருதிக் குழாய்களில் விடுகிறது. அவை உடலெங்கும் சுற்றி வராமல் நேரே கபச்சுரப்பியின் முன்பாகத்தை அடைவதால், மிக மிகச் சிறிய அளவே போதுமானதாகிறது.

அந்தக் கட்டளை கிடைத்ததும் கபச்சுரப்பி ரி.எஸ்.எச்.சை விடுகிறது, அது கழுத்திலுள்ள தைரொயிட்டை அடைந்து தைரொக்சினைச் சுரக்கச் செய்கிறது. குருதியில் தைரொக்சின் போதிய அளவு சேர்ந்ததும், அந்தத் தைரொக்சினே பரிவகக்கீழையும் கபச்சுரப்பியையும் அடக்குகிறது. தம்பலகாமத்து வயலில் நீர் வற்றினால் வாய்க்கால் கதவைத் திறப்பதும், நிறைந்தால் மூடுவதும் போன்றதே இந்த ஏற்பாடு. உங்கள் உடலில் தைரொயிட் தளர்ந்திருப்பதால் தைரொக்சின் போதவில்லை. ஆகவே கபச்சுரப்பி மேலும் மேலும் ரி.எஸ்.எச்.சை விடுகிறது. பெரும்பாலான ஆய்வுகூடங்களில் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பான அளவாகக் கொள்ளப்படும் ரி.எஸ்.எச்., 18 ஆக உயர்ந்திருப்பது கபச்சுரப்பி நலமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

பரிவகக்கீழின் இந்தக் கட்டளை ஓமோனைக் கண்டறிய, விஞ்ஞானிகளான ரொஜர் கில்லமின் செம்மறியாடுகளின் மூளைகளையும், அன்ட்ரூ ஷாலி பன்றிகளின் மூளைகளையும் இலட்சக்கணக்கில் சேகரித்துப் பல ஆண்டுகள் உழைத்தனர். 1969இல் இரு குழுவினரும் தனித்தனியே அதன் அமைப்பைக் கண்டபோது, அது மூன்றே அமினோ அமிலங்களால் ஆனதென்று தெரியவந்தது. 1977இன் நோபல் பரிசு அவ்விருவருக்கும், குருதியில் ஓமோன்களை நுண்ணளவில் அளக்கும் முறையை வகுத்த ரொசலின் யாலோவுக்கும் வழங்கப்பட்டது. அவ்வுழைப்பு இல்லாவிடில் உங்கள் கையிலுள்ள அறிக்கை சாத்தியமாகியிருக்காது என்பதாலேயே இதைக் குறிப்பிடுகிறேன்.

தைரொக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் எடுங்கள். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணித்தியால இடைவெளி வேண்டும். மாத்திரை தொடங்கி ஆறு வாரங்களுக்கு முன் ரி.எஸ்.எச்.சை மீண்டும் பார்ப்பதில் பயனில்லை. அது புதிய அளவில் நிலைபெற அவ்வளவு காலம் தேவை.

கேள்வி: நான் கடற்றொழிலாளி. கச்சான் காற்று வீசும் நாட்களில் பகல் முழுதும் கடலில் இருந்தால் ஓரிரு தடவைதான் சிறுநீர் கழிகிறது. அதுவும் கடும் மஞ்சளாக. சிறுநீரகம் பழுதாகிவிட்டதா? – வாசகர், கிண்ணியா

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சிறுநீரகம் ஒழுங்காகக் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது. வியர்வையால் குருதியின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே பரிவகக்கீழ் அதை உணர்ந்து, வாசோபிரசின் என்ற ஓமோனைக் கபச்சுரப்பியின் பின்பாகத்திலிருந்து வெளியேற்றுகிறது. இந்த ஓமோன் பரிவகக்கீழிலேயே உருவாகி, நரம்பிழைகள் வழியே இறங்கிப் பின்பாகத்தில் சேமிக்கப்படுகிறது. அதன் தூண்டலால் சிறுநீரகம் நீரை மீட்டு உடலுக்கே திருப்பிவிடுகிறது. ஆனாலும் நீரை மீட்கலாமே தவிர, இழந்த நீரை அதனால் உண்டாக்க முடியாது. ஆகவே படகில் போதிய குடிநீர் கொண்டு செல்லுங்கள், தாகம் வரும்வரை காத்திராதீர்கள். கரையில் நன்றாக நீர் அருந்தி ஓய்வெடுத்த நாட்களிலும் நிறம் மாறாவிட்டால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் தங்கைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரசவத்தின்போது கடும் குருதிப்போக்கு ஏற்பட்டு, பல பைகள் இரத்தம் ஏற்றினார்கள். குழந்தைக்குப் பால் சுரக்கவே இல்லை. மாதவிலக்கும் திரும்ப வரவில்லை. எந்நேரமும் களைப்பு; இந்த வெயிலிலும் குளிர்கிறது என்கிறாள். ரி.எஸ்.எச். 2.1 இருப்பதால் தைரொயிட் நோய் இல்லை, மனச்சோர்வு என்றார்கள். – வாசகர், மூதூர்

பதில்: உங்கள் கடிதம் என்னைக் கவலைக்குள்ளாக்கியது. தயவுசெய்து இந்த வாரமே அவரை ஓமோன் நோய்களுக்கான விசேட வைத்திய நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கர்ப்ப காலத்தில், பால் சுரப்பைத் தூண்டும் புரோலக்ரினை உண்டாக்கும் கலங்கள் பெருகுவதால் கபச்சுரப்பி கணிசமாகப் பருக்கிறது. அதற்கு வரும் குருதியோ அழுத்தம் குறைந்தது. ஆகவே பிரசவத்தில் பெருமளவு குருதி வெளியேறி இரத்த அழுத்தம் வீழ்ந்தால், முதலில் பட்டுப்போகக்கூடிய உறுப்புகளில் அதுவும் ஒன்று. 1937இல் ஹரோல்ட் ஷீஹன் என்ற ஆங்கிலேய நோயியல் வல்லுநர் இதை விரிவாக விவரித்ததால் ஷீஹன் நோய் என்று அழைக்கப்படுகிறது. பால் சுரக்காமை, மாதவிலக்கு நின்றுபோதல், குளிர் தாங்காமை ஆகிய மூன்றும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருக்கும்போது இதைப் பற்றிச் சிந்தித்தே ஆக வேண்டும்.

மேலே உப்புவெளி வாசகிக்குச் சொன்னதை இங்கே மாற்றி நோக்க வேண்டும். தைரொக்சின் குறைந்தால் ரி.எஸ்.எச். ஏற வேண்டும். ஏற்றிவிட வேண்டிய கபச்சுரப்பியே பழுதடைந்திருந்தால் அந்த எண் ஏறாது, 2.1 என்று இயல்பானதுபோலவே நிற்கும். எனவே தைரொக்சினை நேரடியாக அளக்காமல் ரி.எஸ்.எச்.சை மட்டும் வைத்து அவருக்குத் தைரொயிட் குறைபாடு இல்லை என்று சொல்வது சரியாகாது. தைரொக்சினுடன், காலை எட்டு மணியளவில் எடுக்கும் கோட்டிசோல், புரோலக்ரின், சூலகத்தைத் தூண்டும் ஓமோன்கள் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தேவையென்றால் எம்.ஆர்.ஐ. படமும் எடுப்பார்கள்.

நோய் உறுதியானால் சிகிச்சையின் ஒழுங்கு முக்கியமானது. கபச்சுரப்பியின் தூண்டல் இல்லாததால் சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகள் கோட்டிசோலைச் சுரக்காதிருக்கலாம். அந்நிலையில் தைரொக்சினை முதலில் கொடுத்தால், மீதமுள்ள கோட்டிசோலும் விரைந்து செலவாகி உயிராபத்து நேரக்கூடும். ஆகவே கோட்டிசோலுக்கு ஈடாகக் கொடுக்கும் ஹைட்ரோகோட்டிசோன் மருந்து முதலில், தைரொக்சின் பின்னர். உறவினர் எவரிடமாவது இருக்கும் தைரொயிட் மாத்திரையை அவருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

நிபுணரைக் காணும் முன்னர் அவருக்குக் காய்ச்சல், தொடர் வாந்தி, தலைசுற்றல், மயக்கம் எது வந்தாலும், அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே கொண்டு செல்லுங்கள். பிரசவத்தில் குருதி அதிகம் போனதையும் பால் சுரக்காததையும் அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பிரசவ அட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.